பேசி விவரம் அறியும் திறன் போதாது

பிப்ரவரி 3, திங்கள்

ஏழாம் கட்டில் அம்மாவின் மகனும் மருமகளும் ஏன் தனித்தனி வண்டியில் வந்து தனித்தனியாகப் போகிறார்கள் என்ற விவரம், முட்டிக் கட்டு மாற்றி முடிப்பதற்குள் முழுதாகக் கிடைத்துவிட்டது. நான் எதுவும் கேட்கவில்லை. "ம்" என்றேன், அவ்வளவுதான். என் "ம்" அந்த மாதிரி.

டீ நேரத்தில் அதை ஹபீபுன்னிசாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வார்டு இன்சார்ஜ்தான், ஆனால் என்னிடம் கதை கேட்கும்போது பதவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவாள். கேட்டு முடித்து, "உனக்கு நர்ஸ் வேலைங்கறது ஒரு சாக்குடி செல்வி. இந்தா, இதைப் பாரு. வீடு வீடாப் போய்ப் பேசச் சொல்றாங்க. உனக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு" என்று போனை நீட்டினாள்.

நல்லூற்று அறக்கட்டளை. அனுபவமுள்ள நர்ஸ்களுக்குச் சமுதாய நலத்தில் ஒரு வருட ரெசிடென்சி. கிராமங்களில் சர்க்கரை, பிரஷர், கர்ப்பிணி, கைக்குழந்தை எல்லாம் பார்க்கப் பழக்கி, முடித்ததும் நர்ஸ் பிராக்டிஷனர் என்று சான்றிதழ் கொடுத்து, ஒரு துணை மையத்தையே நம் பொறுப்பில் விடுவார்களாம். எட்டு இடம். ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும். நாற்பத்தேழு ஆகிறது எனக்கு. முன்னால் நிற்பதெல்லாம் இன்ஸ்டாகிராம் பிள்ளைகளாக இருக்கும்.

இருந்தாலும் — டாக்டர் சொன்னதை எழுதி எழுதியே என் கையெழுத்தும் டாக்டர் கையெழுத்து மாதிரி கெட்டுப்போய்விட்டது. முட்டி தேய்ந்து முடிந்தபின்தான் எல்லோரும் எங்கள் வார்டுக்கு வருகிறார்கள். தேய்வதற்கு முன்னால் ஒரு தடவை அவர்களைப் பார்க்க ஆசை. எழுதிப் படித்தால் பேச்சுப்போட்டி மாதிரி இருக்கிறது. ஆனால் ஆசை உண்மைதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். சாமுவேல் பக்கத்தில். மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றுகிற மனிதர். எதையும் சுற்றிச் சுற்றிச் சொல்லாமல் வீட்டில் மட்டும் நேராகப் பேசுவார்.

"உங்கள் பலம் என்ன?"னு கேட்டிருக்காங்க என்றேன்.

"வாய்னு எழுது."

"பலவீனம்?"

"மேற்படின்னு போட்ரு."

இருபத்து மூன்று வருடமாக இந்த மனிதரோடு குடித்தனம் செய்கிறேன். அதையே பலம் என்று எழுதியிருக்கலாம்.

கடைசியில் எழுதியது: "பிறர் மனம் திறந்து பேசும் வண்ணம் பொறுமையுடன் செவிமடுக்கும் இயல்பு." ஊர்வம்பை இவ்வளவு கௌரவமாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 26, புதன்

கூப்பிட்டுவிட்டார்கள்! ஒருநாள் கிராமத்தில் களத் தேர்வு, பிறகு நேர்முகம். குழம்பில் உப்பு போட்டேனா என்று எனக்கு ஞாபகமில்லை. சாமுவேலுக்கு இருக்கிறது; இரண்டு தடவை போட்டிருக்கிறேனாம்.

மார்ச் 8, சனி

களத் தேர்வு. அவிநாசிக்குத் தெற்கே உள்ளே தள்ளி ஒரு ஊர். தென்னந்தோப்பு, ஓரமாக விசைத்தறிச் சத்தம். ஜீப்பை ஓட்டி வந்தவர் அறக்கட்டளை மேனேஜர் கதிரேசன். டிரைவர் லீவாம். நாங்கள் தோப்பைத் தாண்டுவதற்குள் ஜீப்பிலிருந்த எல்லோருடைய சொந்த ஊரையும் கேட்டு முடித்துவிட்டார். அடடா, நம் ஆள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததும் தெரிந்துவிடும்.

எனக்குக் கொடுத்த வீடு பழனியாத்தாள் வீடு. தோட்டத்து வீடு, பெரிய களம். அறக்கட்டளை டாக்டர் ரங்கநாயகி கூட்டிப் போனார். "மூணு தடவை மாத்திரையை மாத்தியாச்சு சிஸ்டர். சுகர் இறங்கவே மாட்டேங்குது. அடுத்த மாச ரிவ்யூல இன்சுலின் ஆரம்பிச்சிரலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி, ஏன் இறங்கலைன்னு நீங்க பேசிப் பாருங்க. நேர்முகத்துல இதைத்தான் கேட்போம்."

காபி வந்தது. டாக்டருக்கு எவர்சில்வர் டம்ளர். எனக்குப் பேப்பர் கப். அதற்கு முன்னால் நடந்த உரையாடலையும் எழுதிவிடுகிறேன்:

"உங்களுக்கு எந்த ஊருங்க அம்மணி?"

"கோயமுத்தூர் கணபதிங்க."

"அது இப்ப. பூர்வீகம்?"

"இதே அவிநாசிப் பக்கந்தானுங்க."

"அவிநாசில எங்கீங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலீங்க."

அதற்குமேல் பழனியாத்தாள் கேட்கவில்லை, தேவைப்படவில்லை. கொரோனா வந்ததிலிருந்து பேப்பர் கப்புக்குச் சுகாதாரம் என்று ஒரு நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. நானும் ஒரு சுகாதாரப் பணியாளர். சூடாகக் குடித்தேன். நல்ல காபி — அதைச் சொல்லாமலிருக்க முடியாது.

டாக்டர் அடுத்த வீட்டுக்குப் போனபின் வேலையை ஆரம்பித்தேன். "அக்கா" என்றேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் யூனிஃபார்மைப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

சாப்பாடு கேட்டேன், நடை கேட்டேன். எல்லாம் சுத்தம். ராகிக்களியும் கீரையுமாகச் சாப்பிடுகிறார். மாத்திரையைக் காட்டச் சொன்னேன். சமையலறை அலமாரியில் ஒரு அட்டை. சரி. திரும்பி வரும்போது முன்கட்டு ஆசாரத்தில் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரியின் சட்டை மாட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்தில், காலண்டருக்குப் பின்னாலிருந்து அதே மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது.

"ஏனுங்கக்கா, உங்க மாத்திரைக்கு ரெண்டு ஊடுங்களா?" என்றேன், சிரித்துக்கொண்டு.

அவர் சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனார்.

விஷயம் இதுதான். வெள்ளியங்கிரிக்கும் சர்க்கரை. ஒரு வருடமாக. திருப்பூரில் எங்கேயோ ஒரு கடையில் சோதித்துப் பார்த்துவிட்டு வந்து மூச்சு விடவில்லை. மகனுக்குக் கோபியில் பெண் பார்த்துப் பேச்சு நடக்கிறது. "ஒருத்தருக்குச் சக்கரைன்னா போயிட்டுப் போகுதுங்க. ஊட்டுல ரெண்டு பேத்துக்கும்னா, பையனுக்கும் வந்துபோடும்னு பொண்ணக் குடுக்க யோசிப்பாங்கல்லங்க? அவரு பேர எங்கயும் எழுதக் கூடாதுன்னுட்டாரு. அதனால காத்தால மாத்திரை எனக்குங்க, ராத்திரி மாத்திரை அவருக்குங்க."

ஒரு சீட்டு, இரண்டு நோயாளிகள். மூன்று தடவை மாத்திரையை மாற்றியதும் இருவருக்கும் சேர்த்துத்தான். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் இவ்வளவு சமமாக வேறு எதையும் பங்கு பிரித்திருக்க மாட்டார்கள்.

"டாக்டரம்மாகிட்டச் சொல்லிரலாங்கக்கா" என்றேன்.

"ஐயோ சாமி! பொண்ணோட தாய்மாமன் ஆருன்னு நெனச்சீங்க? உங்களை ஜீப்புல கூட்டிட்டு வந்தாரே, கதிரேசன், அவருதானுங்க! டாக்டரம்மாவும் அவரும் ஒரே ஆபீசு. ஒரு வார்த்தை போனாப் போச்சுங்க. சொல்லிப்போடாதீங்க அம்மணி. நிச்சயம் முடியட்டும், நானே என்ற வாயால டாக்டரம்மாகிட்டச் சொல்றனுங்க."

இன்சுலின் விஷயத்தைச் சொன்னேன். பாதி மாத்திரை தின்கிறவருக்கு முழு நோய்க்கான ஊசியைப் போட்டால், பிறகு ஒருநாள் மாத்திரையும் முழுதாகச் சாப்பிட்டால், மயங்கித் தோட்டத்தில் கிடப்பார் என்றேன். பயந்துவிட்டார். பேரம் பேசி முடித்தது: இன்றிலிருந்து இரண்டு வேளை மாத்திரையும் அவருக்கு. வெள்ளியங்கிரி முட்டி வலி என்று சொல்லிக்கொண்டு கோயமுத்தூருக்கு, எங்கள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அங்கே அவர் பெயரில் ரத்தம் பார்த்து, அவர் பெயரில் மாத்திரை.

"சத்தியமாச் சொல்ல மாட்டீங்கல்ல?"

"மாட்டனுங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் இந்தச் சத்தியத்தை வாங்கியிருக்கிறார் என்று அவருக்காக நானே வருத்தப்பட்டேன்.

மார்ச் 10, திங்கள்

"அப்பறம்? கிராமத்துல என்ன புதுசு?" — ஹபீப், டீயோடு.

"ஒண்ணுமில்ல. வெயில்."

என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நிஜமாகவே வைத்துப் பார்த்தாள்.

இந்த மாதிரி ஒரு விஷயம் கர்த்தர் எனக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான் கொடுப்பார். சம்பந்தம், மாத்திரை, தாய்மாமன் — எல்லாம் ஒரே வீட்டில்! வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பது, சூடான பஜ்ஜியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருப்பது மாதிரி இருக்கிறது.

மார்ச் 12

சாமுவேலிடமும் சொல்லவில்லை. "என்ன செல்வி, ஊடே அமைதியா இருக்குது, எம்மேல கோவமா?" என்று கேட்டுவிட்டு, நான் கேட்காமலே மல்லிகைப்பூ வாங்கி வந்தார். பேசாமலிருந்தால் பூ கிடைக்கும் என்று இத்தனை வருடமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

நேர்முகம்.

குழுவில் மூன்று பேர். நடுவில் டாக்டர் ரங்கநாயகி. ஒரு பக்கம் கல்லூரிப் பேராசிரியை ஒருத்தர், போனைப் பார்த்தபடி. இன்னொரு பக்கம் — வேறு யார்? கதிரேசன். நிர்வாகப் பிரதிநிதியாம்.

தடுப்பூசி அட்டவணை, பிரசவ அபாயக் குறிகள், பாம்புக்கடி எல்லாம் கேட்டார்கள். நன்றாகவே சொன்னேன். பேராசிரியை போனைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் டாக்டர், "சரி, பழனியாத்தாளுக்கு வருவோம். சுகர் ஏன் இறங்கலை?" என்றார்.

கதிரேசன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"மாத்திரை ஒழுங்காச் சாப்பிடலீங்க டாக்டர்."

"ஏன்?"

வரும்போது பஸ்ஸில் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன்: "காரணம் எனக்குத் தெரியும், நோயாளியின் நம்பிக்கையைக் காப்பதற்காக இங்கே சொல்ல இயலாது." எவ்வளவு கம்பீரமான வாக்கியம்! மார்க்கும் கிடைக்கும். ஆனால் கதிரேசன் முகத்தைப் பார்த்ததும் அது செத்துப்போயிற்று. நானாக இருந்தால் என்ன செய்வேன்? "சொல்ல இயலாது" என்று ஒருத்தி சொன்னால், அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பொழுது சாய்வதற்குள் தோண்டி எடுத்துவிட மாட்டேனா? அவரும் எடுத்துவிடுவார். ரகசியம் இருக்கிறது என்று சொல்வதே பாதி ரகசியத்தைச் சொல்வது.

"தெரியலீங்க" என்றேன்.

"பேசிப் பார்க்கலையா?"

"பேசினனுங்க. பிடி குடுக்கலீங்க."

கதிரேசன் இப்போது மிகவும் சாவதானமாக, "அந்த ஊட்டுல வேற ஆருக்காச்சும் சக்கரை இருக்குதுங்களா சிஸ்டர்? ஊட்டுக்காரருக்கு? சும்மா, குடும்ப வரலாறுக்காகக் கேட்கறனுங்க" என்றார். அவர் சட்டைப் பையிலிருந்து சர்க்கரை இல்லாத பிஸ்கட் பாக்கெட் ஒன்று எட்டிப் பார்த்தது. பெண் வீட்டுப் பக்கமும் கதை இருக்கிறது போலிருக்கிறது. அதையும் விழுங்கினேன்.

"கேட்கத் தோணலீங்க."

கேட்கத் தோணலை! நான்! அறையின் சுவர்கூட நம்பியிருக்காது. ஆனால் என்னைத் தெரியாதவர்கள் நம்பிவிட்டார்கள். பேராசிரியை எதையோ எழுதிக்கொண்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "டாக்டர், ரிவ்யூல ரத்தம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. அதுக்கு முன்னாடி இன்சுலின் சீட்டு எழுதிர வேண்டாங்க" என்றேன்.

"காரணம்?"

"ஒரு... தோணலுங்க."

"தோணல்னு கேஸ் ஷீட்ல எழுத முடியாது சிஸ்டர்" என்று சிரித்தார். கோபமில்லை. பாவம் என்கிற சிரிப்பு. அது கோபத்தைவிட மோசம்.

வெளியே வந்து கழிப்பறையில் நின்று கண்ணாடியைப் பார்த்து, "லூசாடி நீ?" என்றேன். டாக்டரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாமா? அவர் அந்த அம்மாவுக்கு வைத்தியம் பார்ப்பவர், அவருக்குச் சொன்னால் தப்பில்லை, சட்டப்படிகூடத் தப்பில்லை. பத்து நிமிடம் அவர் கார் பக்கத்தில் நின்றேன். டாக்டரும் கதிரேசனும் பேசிக்கொண்டே ஒன்றாக வந்து ஒன்றாக ஏறிப் போனார்கள். கார் போனபின் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நிச்சயம் முடிந்ததும் தன் வாயாலேயே சொல்வதாகப் பழனியாத்தாள் என்னிடம் தவணை கேட்டிருக்கிறார். ரிவ்யூவுக்குள் சர்க்கரை இறங்கவில்லை என்றால் நானே சொல்வேன். அதுவரை இல்லை.

பேப்பர் கப்பில் காபி கொடுத்த வீட்டுக்காகவா இவ்வளவு? அதையும் யோசித்தேன். பஸ் வந்தது.

மார்ச் 28, வெள்ளி

மெயில் வந்துவிட்டது. தேர்வாகவில்லை. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர். கீழே குழுவின் குறிப்பு:

"மருத்துவ அறிவு நன்று. எனினும் வீட்டாரிடம் பேசி விவரம் அறியும் திறன் போதாது."

சாமுவேலிடம் காட்டினேன். வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள் — கட்டிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "இதை... இதை பிரேம் போட்டு மாட்டலாம் செல்வி... எங்கம்மாவுக்கு அனுப்பு..." நானும் சிரித்தேன். நடுவில் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மேஜை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

இந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று வராதபோதுதான் தெரிகிறது.

மார்ச் 29

ஹபீப் மெயிலைப் படித்துவிட்டு, "வேற ஆருக்கோ போக வேண்டியது உனக்கு வந்திருச்சு" என்றாள். கோபமாக, அறக்கட்டளைக்கு போன் போடப் போகிறேன் என்று கிளம்பினாள். தடுத்தேன். "அப்படி என்னதாண்டி நடந்துச்சு உள்ளே?" "கேள்வி கஷ்டம்" என்றேன். அன்று டீயை அவள் தனியாகக் குடித்தாள்.

ஏப்ரல் 2, புதன்

வெள்ளியங்கிரி முட்டி வலியோடு வந்தார், கூடவே பழனியாத்தாள். நன்றாக நொண்டினார், இடது காலில் ஆரம்பித்து, லிஃப்டைத் தாண்டியதும் வலது காலுக்கு மாற்றிக்கொண்டார். எலும்பு டாக்டர் வழக்கம்போல ரத்தம் எழுதினார். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது.

"ஏனுங்க, தெரியாம இருந்துதுங்களா?" என்று டாக்டர் கேட்க, "இன்னைக்குத்தானுங்க கேள்விப்படறேன்" என்றார். இந்தக் குடும்பத்தில் நானும் ஒருத்தி மாதிரி ஆகிவிட்டேன், பொய் விஷயத்தில்.

அவர் பெயரில் சீட்டு, அவர் பெயரில் மாத்திரை. கேன்டீனில் மூவருக்கும் காபி வாங்கினேன். இங்கே எல்லோருக்கும் பேப்பர் கப்தான். பழனியாத்தாள் கப்பைக் கையில் வைத்துச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடித்தார். நானும்.

ஏப்ரல் 9, புதன்

பழனியாத்தாள் போன். ரிவ்யூ முடிந்தது. சர்க்கரை பாதிக்குமேல் இறங்கியிருக்கிறதாம். இன்சுலின் இல்லை. "டாக்டரம்மா வெகு சந்தோசப்பட்டுப்போட்டாங்க கண்ணு. போன்ல மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்கிற மாதிரி ஒண்ணு ஏத்திக் குடுத்திருந்தாங்கல்ல, அதனாலதான்னு சொல்லிப்போட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாங்கன்னேன்."

ஆக, மணிக்கு மார்க். "அம்மணி" போய் "கண்ணு" ஆகியிருக்கிறேன். ரெசிடென்சிக்குப் பதிலாக இது.

மே 16, வெள்ளி

பழனியாத்தாள் மகனுக்கு உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் முடிந்ததாம். இரண்டு வீட்டாரும் தட்டில் சர்க்கரையை வைத்துக் கை மாற்றிக்கொண்டதை நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா என்று போனில் கேட்டேன். "இப்பத்தான் அந்தம்மாவே மணியப் பத்தி ஏதோ மாநாட்டுல பேசிட்டு வந்திருக்காங்க கண்ணு. அந்த நேரத்துல போயி எப்படீங்க? மனசு நொந்துபோவாங்கல்ல?"

எங்கள் பக்கத்து மரியாதை உயிரையும் காப்பாற்றும், உண்மையையும் காவு வாங்கும். இருவருக்கும் இப்போது சரியான மாத்திரை போகிறது. அதற்குமேல் நான் யார்?

ஜூன் 20, வெள்ளி

அறக்கட்டளையிலிருந்து அழைப்பு. தேர்வான பிள்ளைகளில் ஒருத்திக்கு அயர்லாந்து விசா வந்துவிட்டதாம். இடம் காலி. "சிஸ்டர், உங்களுக்கு இன்னும் விருப்பம் இருக்குங்களா?" என்று கதிரேசனே கேட்டார். குரலில் இரக்கம். "ஒரு விஷயங்க. குழுவோட குறிப்பு இருக்கறதால, உங்களுக்கு மட்டும் முதல்ல ஒரு மாசம் தனியாத் தகவல் தொடர்புப் பயிற்சி போட்டிருக்கோம். தப்பா நினைச்சுக்காதீங்க."

"நல்லதுங்க. எனக்கு அது தேவைதானுங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டு, அயர்லாந்து எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிப் பார்த்து, அந்த மழைத் தேசத்தின்மேல் விரலை வைத்து ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன். சாமுவேல் ஓடிப் போய் அவர் அம்மாவுக்கு போன் போட்டார். ஹபீப் கட்டிப்பிடித்துக்கொண்டு, "போ, போய்ப் பேசக் கத்துக்கிட்டு வா" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

பயிற்சி. கற்றுக்கொடுப்பவள் பெயர் சண்முகப்ரியா, இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். நல்ல பிள்ளை. பலகையில் படம் வரைந்து, ஆமாம் இல்லை என்று பதில் வரும்படி கேட்கக் கூடாது, அவர்களே பேசும்படி கேட்க வேண்டும் என்று விளக்கினாள். நோயாளியாக அவளே நடித்தாள், நான் கேட்டேன். "இன்னும் கொஞ்சம் ஆர்வம் காட்டணும் மேடம். அவங்க வாழ்க்கைல உங்களுக்கு அக்கறை இருக்குன்னு தெரியணும்" என்றாள்.

குறித்துக்கொண்டேன். மதிப்பீடு: "முன்னேற்றம் தேவை."

ஜூலை 11, வெள்ளி

டீ இடைவேளையில் சண்முகப்ரியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு விஷயம் சொன்னாள்; அது இந்த டைரிக்குக்கூட இல்லை. கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மிச்ச வகுப்பை எடுத்தாள்.

நாளைக்குக் காலையில் களப் பயிற்சிக்கு ஜீப். தண்ணீர் பாட்டில், குடை, பிரஷர் மெஷின் எடுத்து வைத்தாயிற்று.